புகை குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

கம்பிச் சுருளிலிருந்து கம்பியைத் தானே இழுத்துக்கொள்ளும் மிக் வெல்டிங், ராடு பிடித்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கைவிடப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, கசடு தட்டும் வேலை இல்லை, டார்ச்சின் விசையை அழுத்தினால் போதும். ஆகவே நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடமும் கொடுக்கலாம் என்கிறார்கள். சீக்கிரம் கைக்கு வரும் வேலை என்பது உண்மை. அந்த எளிமையைப் பாதுகாப்பின் கணக்கில் வரவு வைப்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது.

கோளாறு மெஷினைப் பொருத்தும்போதே தொடங்குகிறது. ஆர்க் மெஷினில் ஆம்பியரைத் திருகி வைத்தால் போதும். மிக் மெஷின் வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும். ஆம்பியரை நிர்ணயிப்பது கம்பி ஓடும் வேகம். இரண்டும் பொருந்தாவிட்டால் கம்பி உருகாமல் இரும்பை முட்டும், அல்லது டார்ச் முனையிலுள்ள டிப்போடு ஒட்டிக்கொள்ளும். கேஸ் பாயும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். கேஸ் தேவைப்படாத, உள்ளே ஃபிளக்ஸ் நிரப்பிய கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு நெகட்டிவ். இதை மாற்றிப் போட்டுவிட்டு, தெறிப்பு அதிகம் என்று கம்பியைக் குறை சொல்பவர்கள் ஏராளம். குறைந்த வோல்டேஜில் தடித்த தகட்டின் மேல் ஓட்டினால் இன்னும் மோசம்: தையல் அழகாகப் படிந்திருக்கும், அடியில் இரும்போடு இரும்பு உருகிக் கலந்திருக்காது. வெல்டின் வலிமையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற பெருமை இங்கே செல்லுபடியாகாது.

குறைந்த வோல்டேஜ்தானே, ஷாக் அடிக்காது என்பது இன்னொரு ஆறுதல். விசை அழுத்தப்பட்டிருக்கும்வரை கம்பியின் நுனியில் மட்டுமல்ல, அதைத் தள்ளும் உருளைகளிலும் சுருளிலும் மின்சாரம் இருக்கும். உலர்ந்த கைக்கும் சித்திரை வெயிலில் நனைந்த சட்டையோடு இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வேலைப்பொருளில் கவ்வியிருக்கும் எர்த் கிளாம்ப் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி மட்டுமே. மெஷினின் உடலுக்குத் தனி எர்த் தேவை. 230 அல்லது 415 வோல்ட் உடலில் கசிந்தால் காப்பாற்றுவது அதுதான். புதுக் கம்பியை ஓடவிடும்போது டார்ச்சின் வாயை உள்ளங்கையால் மூடிப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கம்பி சதையைத் துளைத்துவிடும்.

சிலிண்டரை நிறுத்திச் சங்கிலியால் கட்டுவதை வீண் வேலை என்று நினைப்பவர்கள், நிறைந்த ஆர்கான் சிலிண்டருக்குள் சுமார் 150 பார் அழுத்தம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். விழுந்து வால்வு முறிந்தால் அது சீறிக்கொண்டு பறக்கும். டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் கேஸ் பொதுவாகப் போதும். காற்று வேகமாக வீசினால் வெல்டை மூடும் இந்தக் கேஸ் போர்வை கலைந்து, வெல்டில் ஓட்டை விழும். அதனால் ஃபேனை நிறுத்தி ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். புகை குறைவு என்று பெயர் வாங்கிய வெல்டிங், காற்றோட்டமே இல்லாத அறைக்குள் போய்ச் சேர்கிறது.

கண்ணுக்குத் தெரிவது புகையின் ஒரு பங்குதான். உருகும் கம்பியிலிருந்து ஆவியாகும் உலோகம் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக உறைந்து நுரையீரலின் அடிவரை இறங்கும். சாதாரண இரும்புக் கம்பியில் மாங்கனீஸ் உண்டு. ஸ்டெயின்லெஸ் என்றால் குரோமியமும் நிக்கலும் சேரும். கேஸில் கார்பன் டையாக்சைடு இருந்தால், அது ஆர்க்கின் சூட்டில் சிதைந்து கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2017இல் சேர்த்தது. ராடு, மிக் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. சாதாரண இரும்பை வெல்டு செய்வதற்கும் புகை உறிஞ்சி வேண்டும், கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது என்று பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை 2019இல் அமலாக்கத்தை இறுக்கியது.

இதற்குப் பட்டறை கண்டுபிடித்த மருந்து வெல்லம், வாழைப்பழம், பால். தின்பது இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வழியில் இரண்டும் சந்திப்பதே இல்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டு செய்த இரவு குளிரும் காய்ச்சலும் வந்து, ஓரிரு நாளில் தானாகவே தணிவது துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சலின் இயல்பு. அந்தப் புகழை இடையில் குடித்த பால் தட்டிக்கொண்டு போகிறது. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் இந்தத் துகள்களைத் தடுக்காது. செய்ய வேண்டியவை வேறு: ஜி.ஐ. பூச்சை முன்பே நீக்குவது, கேஸைக் கலைக்காத தூரத்தில் உறிஞ்சுகுழாயை வைப்பது, எழும் புகைக்கு நேர்மேலே தலையை நீட்டாமல் இருப்பது, முகத்தோடு பொருந்தும் துகள் வடிகட்டி முகக்கவசம் அணிவது. தொட்டிக்குள் இறங்கும் வேலையில் முகக்கவசமும் போதாது. ஆர்கானும் கார்பன் டையாக்சைடும் காற்றைவிடக் கனமானவை. அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளும். வெளியிலிருந்து நல்ல காற்றும், வாசலில் காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

மறைக்கப் புகை குறைவாக இருப்பதால் மிக் ஆர்க்கின் புற ஊதாக் கதிர் இன்னும் கடுமையாக வந்து தாக்குகிறது. கருமை அளவில் 10ஆம் எண்ணுக்குக் குறையாத கண்ணாடி வேண்டும். ஆம்பியர் கூடினால் 11, 12 என்று ஏற வேண்டும். ஒரு புள்ளி மட்டும் பற்றவைக்கும்போது “பாயிண்ட் மட்டும்தானே” என்று ஷீல்டு இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்துபவருக்கும், பக்கத்தில் பைப் பிடித்து நிற்பவருக்கும் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தும். கண்ணின் மேல் வைக்கும் உருளைக்கிழங்கு வில்லை குளிர்ச்சி தரலாம், வெந்த கருவிழியை ஆற்றாது. சட்டையின் கழுத்துப் பித்தான் திறந்திருந்தால் தோலும் வேகும். பாலியெஸ்டர் துணி பொறி பட்டு உருகி உடம்பில் ஒட்டும். கெட்டியான பருத்திச் சட்டையும் தோல் கையுறையும் மூடிய காலணியும் குறைந்தபட்சத் தேவை.

தெறிக்கும் பொறி பத்து மீட்டருக்கு அப்பாலும் உருண்டு போய்ச் சேரும். டீசல் இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். கழுவி ஆவி நீக்காமல் அதன் மேல் எந்த வெல்டிங்கும் கூடாது. வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் மீந்த அழுத்தத்தை வெளியேற்றி, மெஷினின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து, மூலையில் கிடக்கும் சாக்கையும் எண்ணெய்த் துணியையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.