யாரைக் கேட்டுப் படமெடுத்தாய்?

சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்துகிறார்கள். மாமூல் கேட்கிறார்கள். நாமக்கல் ஓட்டுநர் கைபேசியைத் தூக்கினால் உடனே உறுமல்: "யாரைக் கேட்டுப் படமெடுக்கிறாய்?" சங்ககிரி முதல் ஆத்தூர் வரை உழைப்பாளிக்குப் பழகிப்போன அதட்டல் இது. பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

2021 ஜூன் 22, ஊரடங்கு நாள். சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டிச் சாவடியில் இடையப்பட்டிக் கடைக்காரர் ஒருவர் போலீஸ் தடியால் அடிபட்டார், மறுநாள் மாண்டார். அடித்த காட்சி கைபேசியில் பதிவாகி நாடெங்கும் பரவிற்று. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார். அந்தப் படம் இல்லையென்றால்? "தவறி விழுந்தார்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவது பெரிய காரியமா? அடிக்கின்ற கையிடம் அனுமதி பெற்றுத்தான் சாட்சியம் சேர்க்க வேண்டுமா?

அந்தரங்க உரிமை என்கின்றனர். அதன் அருமையை நாமும் அறிவோம். 2017-ல் உச்சநீதிமன்றமே அதை அடிப்படை உரிமை என்றது. ஆனால் எது அந்தரங்கம்? பின்னாளில், 1995-ல், சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரின் வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடலாகாதென்று சிறைத்துறை தடுக்க முனைந்தது. 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொதுப்பணி சார்ந்த செயல்களுக்கு அதிகாரிகள் அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது, உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதினால் மட்டுமே வழக்காடலாம். எழுத்தைப் பற்றிய தீர்ப்புத்தான். எனினும், பேனாவுக்கு உள்ள நியாயம் காமிராவுக்கு இல்லாமற் போகுமா?

மில்லிலே தொழிலாளியின் தலைக்குமேல் காமிரா தொங்குகிறது. அவனுடைய சம்மதத்தை எவர் கேட்டார்? சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்ட அதே 2020-ல், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வைக்கும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நிலையத்துக்குள்ளே கூடாத மறைவு, நடுச்சாலையில் மட்டும் எதற்கு?

தோழர்களே, ஒன்றை மறவாதீர்! படமெடுக்கும் உரிமை வம்பளக்கும் உரிமையல்ல. அதிகாரியின் வீடும் மனைவி மக்களும் நமக்கு வேண்டாம். புகார் கொடுக்க வந்த பெண்ணின் முகம் வேண்டவே வேண்டாம். கடமையைச் செய்பவரை மறிக்காதீர். எடுத்ததை வெட்டி ஒட்டாதீர். பொய்ப்படம் ஒன்று, உண்மைப்படம் நூறையும் கெடுத்துவிடும்.

மக்கள் வரிப்பணத்தில் சம்பளம். மக்கள் நடக்கும் சாலையில் வேலை. அதை மக்கள் பார்ப்பதற்கு ஒப்புதல் எதற்கு? நேர்மையான அதிகாரிக்குக் காமிரா துணை. அஞ்சுகிறவர் ஏன் அஞ்சுகிறார் என்பதை நாடு கேட்கட்டும்!