நீலக் கோட்டு வாடகைக்கு வேண்டாம்

ஏப்ரல் 14 ஊர்வலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அம்பேத்கர் உடையில் முன்னால் நடக்க வேண்டும் என்று படிப்பகக் கூட்டத்தில் முடிவானது. உடையை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. கும்பகோணத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆளுக்கு ஒரு நாளுக்கு 350 ரூபாய், காலையில் எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம், இதில் பேச என்ன இருக்கிறது என்று தம்பிகள் கேட்டார்கள். பேச நிறைய இருக்கிறது. அன்றைக்குக் கோபத்தில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைக்குப் போன கதை. சுவர் முழுக்க உடைகள். முருகன், கிருஷ்ணன், கட்டபொம்மன், பாரதியார், காந்தி. "அம்பேத்கரா? கோட்டு செட்டு இருக்கு" என்று ஒரு பாலிதீன் பையை எடுத்துப் போட்டார்கள். கோட்டின் முன்பக்கம் மட்டும்தான் கோட்டு. முதுகில் ஒட்டுப்பட்டை. வெள்ளைக் காலரும் சிவப்பு டையும் கோட்டோடு சேர்த்தே தைத்தவை, உள்ளே சட்டை கிடையாது. கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம். கையில் பிடிக்க தெர்மகோலில் ஒரு அரசியலமைப்புச் சட்டம். அக்குளில் இதற்கு முன் போட்ட எந்தப் பிள்ளையுடையதோ வியர்வைக் கறை. விலை விசாரித்துத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். 'மாறுவேடம் - 12' என்று எழுதித் தந்தார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்திலேயே அந்தப் போட்டிக்கு அதுதான் பெயர். ஆனால் யோசித்துப் பாருங்கள் தோழர்களே, அம்பேத்கர் போட்ட கோட்டு வேடமா? வேடம் என்றால் நிகழ்ச்சி முடிந்ததும் கலைத்துவிட்டுப் பழைய ஆளாக வீட்டுக்குப் போவது. நம் பிள்ளைக்கு ஒரு நாள் மட்டும் கோட்டைப் போட்டுவிட்டு மறுநாள் உரித்துக் கடையில் கொடுத்தால் நாம் அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறோம்?

உடை விஷயத்தில் அம்பேத்கர் பட்டது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1901. அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் விடுமுறைக்குப் போக ஏற்பாடு. பயணத்துக்கென்றே புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார். கடிதம் போய்ச் சேராததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. உடையைப் பார்த்த நிலைய அதிகாரி பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போய்விடுகிறது. பிறகு வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்ததும், இரண்டு மடங்கு கூலி கொடுத்துப் பிள்ளைகளே மாட்டுவண்டியை ஓட்டிப் போனதும், வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனதும் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்பில் இருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் இன்றைக்கே படியுங்கள், சின்னப் புத்தகம்தான்.

அதனால், நல்ல உடை போட்டால் சாதி மரியாதை கொடுத்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கொடுக்காது. மசூரில் பத்து வயதிலேயே அதைத் தெரிந்துகொண்ட மனிதர்தான் கடைசிவரை நன்றாக உடுத்தினார். எதிரே இருப்பவன் மதிப்பான் என்பதற்காக அல்ல, உடுத்துவது தன் உரிமை என்பதற்காக.

அந்த உரிமையை எப்படியெல்லாம் பறித்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. சண்டாளருக்குப் பிணத்தின் துணியே ஆடை என்கிறது மனு, பத்தாம் அத்தியாயத்தில். அது பழங்கதை என்பவர்கள் ராமநாதபுரத்துக்கு வரலாம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் அந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. கோட்டு என்ற சொல் அந்தத் தடையில் இருக்கிறது, கவனியுங்கள். அம்பேத்கர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த அதே மாதம் அது.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? 2012-ல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் நம் பையன்களின் ஜீன்ஸையும் டி-ஷர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பட்டியலாகவே வாசித்தார். 2023-ல் குஜராத்தின் பனஸ்காந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் புத்தாடை அணிவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புதுத்துணி போடுவதற்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு துணியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறோம்.

கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் வேறு மாதிரி சொன்னார். "உடையே வேண்டாம்மா, அந்தக் காசுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்க. எளிமையா இருப்போம்." அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எளிமை யாருக்குச் சொந்தமான சரக்கு? 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழ வேட்டிக்கு மாறினார். லண்டனில் கோட்டும் தொப்பியும் போட்டுப் பார்த்தவருக்கு அதைக் கழற்றி வைப்பது துறவு. ஒன்பது ஆண்டு கழித்து, பக்கத்து மாவட்டத்திலேயே, அதே முழத்துணியை நமக்குத் தண்டனையாக விதித்தார்கள். இருந்ததைக் கழற்றினால் தியாகம். இல்லாதவன் எதைக் கழற்றுவது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் ஆயா காவேரிக் கரையில் ஒரு மிராசு வீட்டு வயலில் வேலை பார்த்தது. வருசத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் துணி கொடுப்பார்கள். இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் பண்ணையாட்களுக்குக் கூலியோடு சேர்ந்த வழக்கம் அது. கூடவே அந்த வீட்டுப் பிள்ளைகளின் பழைய துணியும் வரும். எனக்கு வந்தது ஒரு மாம்பழ நிறப் பாவாடை. நான்காம் வகுப்பு, ஆண்டு விழா. அதைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு பிள்ளை வந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்து, "இது என் பாவாடை" என்றது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னது. நான் மேடை ஏறவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டேன், பத்து வருசம் களத்தில் வேலை பார்த்துவிட்டேன், அந்த விளிம்பை இன்னும் என்னால் விளக்க முடியவில்லை.

அதனால்தான் 'யாரோ போட்டது' என்றால் எனக்கு எரிகிறது. சரி, என் எரிச்சல் வேறு, கணக்கு வேறு என்பீர்கள். கணக்குக்கு வருவோம்.

வாடகை பன்னிரண்டு பேருக்கு 4,200 ரூபாய். தைத்தால் ஒரு பிள்ளைக்குக் கோட்டுக்கும் பேண்டுக்கும் இரண்டு மீட்டர் கட்பீஸ் துணி 400, உள்துணியும் கேன்வாஸும் பட்டனும் 100, தையல்கூலி 400. ஆக 900. பன்னிரண்டுக்கு 10,800. ஆமாம், அதிகம்தான். ஆனால் நவம்பர் 26 அரசியலமைப்பு நாள் வரும், ஜனவரி 26 வரும், பள்ளி ஆண்டு விழா வரும். மூன்று தடவை வாடகைக்கு எடுத்தாலே 12,600 ஆகிவிடுகிறது. இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் அடுத்த வருசமும் பிரித்துவிட்டுப் போடலாம். ஆன்லைனில் ரெடிமேட் வாங்கலாமே என்று ஒரு தம்பி படம் அனுப்பினான். அதே ஒட்டுப்பட்டைதான், விலை மட்டும் கூட.

தைக்க ஆள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது. அதில் இரண்டு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தவை. அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலேயே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறோம், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். அக்காமார்கள் ஜாக்கெட்டும் யூனிபார்மும் தைப்பார்கள், கோட்டு வெட்டத் தெரியாது. அதற்காகக் கோட்டுத் தையலில் பழகிய ஒரு பெரியவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவர் வெட்டிக் காட்டுவார், இவர்கள் தைப்பார்கள். தையல்கூலி 4,800 ரூபாயும் நம் தெருவிலேயே தங்கும்.

இன்னொன்று. நம் ஊர் சிலைக்குப் பேர்போன ஊர். தென்னை ஓலையை நறுக்கி மடித்து அளவு வைத்து மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள், மேலே காவேரி வண்டலைப் பூசுகிறார்கள், உலோகம் ஊற்றியதும் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சாமிக்கு அவ்வளவு அளவு பார்க்கிற ஊரில் நம் பிள்ளைக்கு மட்டும் ஃப்ரீ சைஸா? அந்தச் சாமியின் வேடமும் நம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. போன வருசம் ஒரு பள்ளி விழாவில் முருகன் வேடம் சிவப்பான பையனுக்குப் போனது. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் அசுரப்படை. அதற்கும் வாடகை எங்கள் வீட்டில்தான் வாங்கினார்கள்.

பரதநாட்டிய உடையோ, நாடகத்துக்கு ராஜா உடையோ என்றால் தாராளமாக வாடகைக்கு எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்யாண மாப்பிள்ளைக் கோட்டுக்கும் இதைத்தான் சொல்வேன்: வட்டிக்கு வாங்கி ஷெர்வானி எடுக்காதீர்கள், அந்தக் காசில் பாதிக்கு ஒரு நல்ல கோட்டு தைத்துக்கொண்டால் நேர்முகத் தேர்வுக்கும் அதையே போட்டுக்கொண்டு போகலாம்.

கடைசியாக, பட்டியலில் ஒரு திருத்தம். பன்னிரண்டு பேரில் நான்கு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு ரமாபாய் புடவை என்று யாரோ எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பாப்பா என்னிடம் வந்து, "அக்கா, நான் ஏன் அம்பேத்கரா வரக்கூடாது?" என்று கேட்டாள். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களைத் தனியாக உட்கார வைத்து, சாதியை அடையாளம் காட்டுகிற புடவைக்கட்டை மாற்றுங்கள், கனத்த நகைகளை விடுங்கள், கந்தலானாலும் சுத்தமாக உடுத்துங்கள் என்று பேசியவர் அவர். அவளுக்கு என்ன பதில் சொல்வது? சொல்லிவிட்டேன். பன்னிரண்டும் கோட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் அளவு எடுக்கிறோம். பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்புங்கள். நன்கொடை தர நினைக்கிறவர்கள் பணமாகவோ புதுத் துணியாகவோ தாருங்கள். பழைய கோட்டு யாரும் கொண்டுவர வேண்டாம்.