காந்தளூர்ச் சாலையும் கேட் வாசலும்

வலியசாலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? சாலை என்றால் இங்கே வண்டி ஓடும் ரோடு அல்ல. மாணவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைத்த கல்விக்கூடத்துக்கு அந்தக் காலத்தில் சாலை என்று பெயர். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். இங்குள்ள சிவன் கோயில் இன்றும் காந்தளூர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் அரசன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவபுரத்தில் ஒரு சாலை நிறுவினான். அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவன் எழுதி வைத்த செப்பேடும் கிடைத்திருக்கிறது. 95 மாணவருக்கு இடம். இன்ன வேதப் பிரிவாருக்கு இத்தனை இடம். சேருகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. ஆக, படிக்க வருகிறவனிடம் தகுதி கேட்கும் வழக்கம் இந்த மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அந்த 95 பேரில் நம் பாட்டன் ஒருவன்கூட இருந்திருக்க வழியில்லை. அவன் அந்தச் சாலைக்கு நெல் சுமந்திருப்பான், விறகு பிளந்திருப்பான்.

இன்று சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். ஏன்?

கடந்த ஆண்டு நம் சங்க அறைக்கு ஒரு சுமைத் தொழிலாளி வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளாகச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். மகன் இங்கேயே படித்து, மின்பொறியியலில் பி.டெக். முடித்து, கேட் தேர்விலும் தேறியிருந்தான். "அண்ணாச்சி, பயலுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும்னு சொல்லுதாங்க. சாதிச் சான்றிதழ் உடனே வேணுமாம். எங்க போய் வாங்க?" என்று கேட்டார். இங்கே ஓர் அலுவலகத்தில், "உம்ம ஊருக்குப் போய் வாங்கும்" என்றார்களாம். அங்கே போனால், "பையன் இந்த ஊரில் படிக்கவில்லையே" என்று திருப்பி அனுப்பினார்களாம். இரண்டு ரயில் பயணத்துக்குள் கடைசித் தேதி போய்விட்டது. பையன் இப்போது ஒரு பட்டறையில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறான்.

அந்த இரண்டு அலுவலகங்களையும் திட்டி இந்தப் பக்கத்தை நிரப்பலாம். ஆனால் உண்மையைச் சொல்வோம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் தகப்பனுக்கு நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. சங்கம் வைத்து நடத்தும் நாங்களே பத்தாவது படித்தவர்கள். ஊர்வலம் நடத்தத் தெரியும், மனு எழுதத் தெரியும், எம்.டெக். என்றால் என்ன என்று தெரியாது. அந்த வெட்கத்தில் கேட்டும் விசாரித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், என்ன வேண்டும்? மின்பொறியியலில் பி.இ. அல்லது பி.டெக். பட்டம் வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பொதுவாக 60 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. அதோடு கேட் என்னும் அகில இந்தியத் தேர்வு. பிப்ரவரி மாதம் நடக்கும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறனுக்கு. ஆங்கிலமும் எண்கணக்கும் அதில் வரும். மீதி 85 கணிதத்துக்கும் மின்பொறியியல் பாடத்துக்கும். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். வயது வரம்பு இல்லை. இத்தனை தடவைதான் என்ற கணக்கும் இல்லை. சேர்ந்த பின் படிப்பு இரண்டு ஆண்டு: முதல் ஆண்டில் பாடங்களும் ஆய்வகமும், பிறகு ஓர் ஆய்வு செய்து, ஏடாக எழுதி, தேர்வாளர் முன் விளக்கிக் கரையேற வேண்டும்.

"இன்னும் இரண்டு வருஷம் யார் சோறு போடுவது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் கேட் மதிப்பெண்ணோடு முழுநேரம் சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, 24 மாதம் வரை. அதற்கு ஈடாக வாரம் எட்டுப் பத்து மணி நேரம் கல்லூரியின் கற்பித்தல் வேலைகளில் உதவ வேண்டும். பெரிய பணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டில் கைநீட்டாமல் படித்து முடிக்கலாம். இது தெரியாமல், பி.டெக். முடித்த மறுநாளே கிடைத்த வேலைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நம் தெருவில் எத்தனை!

இனி அரசியலுக்கு வருவோம். பிழைக்க வந்த தமிழன் பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறது. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிக்கணக்கு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்ததோ அங்கேதான் அந்த உரிமை. வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், போன மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, தமிழ்நாட்டுக்குத் திரும்பினால்? அங்கே 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி இடம் கொடுத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கே அது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவன் மகன் இங்கே அந்நியன், அங்கேயும் அந்நியன்.

இந்த நிலையில்தான் கேட் வாசலின் அருமை விளங்கும். மத்திய நிறுவனங்களின் இடம் எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமல்ல. பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்ற ஒதுக்கீடு அங்கே நாடு முழுவதுக்கும் பொது. பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தான் என்று கேட்பதில்லை. பாலக்காட்டில் 2015இல் ஐ.ஐ.டி. வந்தது. கோழிக்கோட்டிலும் திருச்சியிலும் என்.ஐ.டி. இருக்கிறது. எல்லாம் ஓரிரவு ரயில் தூரம்.

சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. தகப்பனாருக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சாதிச் சான்றிதழைக் காட்டினால், குடிவந்த மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்பது மத்திய அரசின் நெறிமுறை. பிள்ளை தகப்பனின் சொந்த மாநிலத்தைச் சேர்ந்தவன் என்றே அதில் எழுதுவார்கள். கேரள அரசின் ஒதுக்கீட்டுக்கு அது உதவாது. மத்திய நிறுவனங்களுக்கு உதவும். எனவே தகப்பன் சான்றிதழ்தான் திறவுகோல். எத்தனை பேர் வீட்டில் அது இருக்கிறது? இருந்தாலும் டிரங்குப் பெட்டியில் கரையான் அரிக்கிறதா, யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.டெக். தகுதி பி.டெக்.கில் தொடங்குவதில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு வராது என்று ஒரு பிள்ளையை ஒதுக்கும்போதே அது பாதி முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு எடுக்காமல் விட்டால் கதவு அநேகமாக அடைபட்டது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் வழி ஒன்று உண்டு. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல வழி. தபாலில் பொறியியல் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களை மட்டும் நம்பாதீர்கள். அப்படித் தரப்பட்ட பட்டங்களை 2017இல் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது.

திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் பள்ளிவாசலில் ஓடத் தொடங்கியது. தேயிலை பறிக்கும் நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழும் மலை அது. அதற்கு முந்திய ஆண்டு, 1939இல், இதே திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி திறந்தார்கள். அணைக்கும் கம்பத்துக்கும் நம் தோள் வேண்டியிருந்தது. கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போடும் மேசைக்கு நம்மை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை காத்திருப்பதும் தவறு.

எனவே சங்கம் செய்ய வேண்டியது மூன்று. ஞாயிறுதோறும் சங்க அறையில் ஒரு மேசை போட்டு, பத்தாம் வகுப்பு முதல் உள்ள பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். பழைய கேட் வினாத்தாள்களைத் திரட்டி வைக்க வேண்டும், ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல். வழியாக இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றாவது, குடிபெயர்ந்த குடும்பங்களின் சான்றிதழ் மனுக்களுக்கு நாள் குறித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு அரசுகளையும் கேட்க வேண்டும். கேரளத்தில் நாம் தமிழிலேயே மனு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன பயன்?

பட்டறையில் காயில் சுற்றும் அந்தப் பையனைப் போன மாதம் பார்த்தோம். அவனுடைய மதிப்பெண் இன்னும் காலாவதி ஆகவில்லை. தகப்பனார் ஊருக்குப் போய்ப் பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வந்துவிட்டார். மனுவைத் தமிழில் நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தத் தடவை தேதி போகவிட மாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது தகப்பன் சான்றிதழை எடுத்துவர மறக்காதீர்கள்.