முதலாம் அத்தியாயத்தை வீட்டில் படிப்போம்

சென்ற ஆண்டு மூன்றாம் தவணையில் ஒரு சனிக்கிழமை, எமது மேல்வகுப்பு மாணவி ஒருத்தி சில தாள்களைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தாள். ஆங்கில நாவல் ஒன்றின் மாதிரி அத்தியாயங்கள் அவை. நூலை வாங்குமுன் படித்துப் பார்ப்பதற்கெனப் பதிப்பகத்தார் வழங்கும் தொடக்கப் பக்கங்களை அவள் அச்சிட்டு வந்திருந்தாள். "இதில் வருகிற இடங்களெல்லாம் அம்மம்மா சொல்லுகிற இடங்கள். இது உண்மையா, ரீச்சர்?" என்பதே அவளது வினா. இடைவேளையில் நாலு பக்கம் பார்ப்போம் என்று எடுத்த நாம், மணி அடித்த பின்னரும் அத்தாள்களைக் கீழே வைக்கவில்லை.

அந்நாவல், அமெரிக்காவில் வாழும் ஈழத்தமிழ் வழிவந்த எழுத்தாளர் வி. வி. கணேசானந்தன் எழுதி 2023 இல் வெளிவந்த 'பிரதர்லெஸ் நைட்'. 'சகோதரர்கள் இல்லாத இரவு' எனத் தமிழிற் சொல்லலாம். 2024 இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசு இதற்குக் கிடைத்தது. எழுதி முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாயிற்று என்பர். முதலாம் அத்தியாயத்தைப் படித்தாலே அது வியப்பளிக்காது.

ஆண்டு 1981. யாழ்ப்பாணம். கதையைச் சொல்லும் சசி பதினாறு வயதுப் பெண். நான்கு சகோதரர்களுடன் பிறந்தவள். மருத்துவராக வேண்டும் என்ற ஒரே நினைவுடன் படிப்பவள். தேநீருக்கு வைத்த கொதிநீர் அவள்மீது கொட்டிவிடுகிறது. அவளது அலறலைக் கேட்டு, வீதியிற் சைக்கிளில் சென்ற அயல்வீட்டுப் பையன் ஓடி வருகிறான். வெந்த இடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுகிறான். (எம் பெற்றோரில் மருத்துவர் பலர் உளர், அவர்கள் கோபியாதிருக்க ஒன்று சொல்லிவிடுகிறோம். சுடுநீர் பட்டால் முட்டையைத் தேட வேண்டா. இருபது நிமிடம் ஓடும் குழாய்நீரிற் பிடியுங்கள்.) அவனும் மருத்துவம் படிக்க விரும்பியவனே. ஆயின் அவன் செல்லப்போகும் வழி வேறு. போர் தொடங்குமுன் ஒரு குசினியும், ஒரு காயமும், உதவிக்கு ஓடிவரும் ஒரு நல்ல பையனும்! பின்னர் நிகழ்பவற்றை அறிந்த எமக்கு அந்தப் பக்கங்களைக் கடப்பது எளிதாக இருக்கவில்லை.

முழு நூலையும் பின்னர் வாங்கிப் படித்தோம். 1981 இல், மே மாத இறுதி இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ் நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமை, 1983 யூலைக் கலவரம், இந்திய இராணுவத்தின் வருகை, 1987 இல் நல்லூரில் நடந்த உண்ணாவிரதம் ஆகிய யாவும் ஒரு பெண் வளரும் கதைக்குள் வருகின்றன. 1989 இல் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியற் பேராசான் ராஜினி திரணகமவை நினைவூட்டும் பாத்திரமும் உண்டு. அரச படைகளையோ, இந்தியப் படையையோ, எம்மவரின் துப்பாக்கிகளையோ இந்நூல் தப்பவிடவில்லை.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தொடக்கப் பக்கங்களிலேயே 'பயங்கரவாதி' என்ற சொல் வருகின்றது. கதைசொல்லி அச்சொல்லைத் தானே கையில் எடுத்து, அதைக் கேட்டதும் வாசகர் மனத்தில் எழும் உருவத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறாள். ஆயினும் அச்சொல்லைக் கண்டதும் நூலை மூடிவிட்டதாக ஒரு தந்தையார் எம்மிடம் கூறினார். வேறொரு தாயார், "அதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? அதை மறக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். இருவர் மனநோவும் எமக்கு விளங்குகின்றது. இருவருடனும் நாம் உடன்படவில்லை.

எம் பிள்ளைகள் 'இயக்கம்' என்ற சொல்லை விஞ்ஞானப் பாடத்திற் பொருளின் அசைவு என்றே கற்கிறார்கள். வீட்டிலோ, அதே சொல் வரும்போது பெரியவர்களின் குரல் தாழ்கின்றது. பிள்ளை அறைக்குள் வந்தால் பேச்சு மாறுகின்றது. பிள்ளை இதைக் கவனியாமல் இருக்குமா? கேட்கக்கூடாத ஒன்று உண்டு என்பதை மட்டும் அது நன்றாகக் கற்றுக்கொள்கின்றது.

இந்நாட்டுப் பாடசாலைகளிற் பலர் படிக்கும் 'த புக் தீஃப்' நாவலை எண்ணிப் பாருங்கள். நாற்சி ஜேர்மனியில் வளரும் ஒரு சிறுமியின் கதை அது. எழுதிய மார்க்கஸ் சூசாக் சிட்னியிற் பிறந்தவர், போரைக் கண்டவரல்லர். ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் சிறுவராயிருந்து போரைக் கண்ட அவருடைய தாயும் தந்தையும் சிட்னி வீட்டில் இருந்துகொண்டு அவருக்குச் சொன்னார்கள். தம் இனத்தின் பெருமையை மட்டும் தெரிந்தெடுத்து அவர்கள் சொல்லியிருந்தால் அந்த நாவல் பிறந்திருக்காது. மியூனிக் தெருவில் நடந்ததை அறிந்த எம் பிள்ளை, கொக்குவிலில் நடந்ததை அறியாதிருப்பது எமக்கு ஒப்பவில்லை.

தமிழ்ப் பாடசாலையில் ஆங்கில நாவலா என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வியே. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001 இலேயே தமிழில் வந்தது. இயக்கத்திற் சேர்ந்த ஒரு தீவுப் பையனின் கதை. பெற்றோர் அதனைப் படிக்கட்டும். எம் மாணவர்க்கு அதன் நடை கடினம்; பொருளும் சில இடங்களில் அவர்கள் வயதுக்கு மேற்பட்டது. ஆங்கில அத்தியாயத்தையோ அவர்கள் ஒரு மாலையிற் படித்துவிடுவர். அதன்பின் பேச வேண்டியது தமிழில். எச்.எஸ்.சி. தமிழ்ப் பரீட்சைக்கு 'எனது விடுமுறை' பற்றி மனனம் செய்துவரும் பிள்ளை, தன் அம்மம்மாவிடம் கேட்டறிந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் சொற்களைத் தானாகவே தேடும். இதை நாம் கண்டோம். அந்த மாணவி மறுவாரம் வந்து, தன் அப்பப்பா மாலைதோறும் யாழ் நூலகத்திற்குப் பத்திரிகை படிக்கச் செல்வாராம் என்றாள். 'எரிகாயம்', 'வாசிகசாலை' என்ற இரு சொற்களையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

ஆதலால் எமது வேண்டுகோள் இது. அடுத்த தவணையில் பத்தாம் வகுப்பும் அதற்கு மேற்பட்டோரும் முதலாம் அத்தியாயத்தை மட்டும் வீட்டில் ஒரு பெரியவருடன் படிக்கட்டும். அதுபற்றி அப்பெரியவர் கூறுவதை ஒரு பக்கம் தமிழில் எழுதிவரட்டும். பெரியவர் ஒன்றும் கூற விரும்பாவிடின், அதனையும் அப்படியே எழுதலாம். யாரையும் வற்புறுத்த வேண்டா. உடன்படாத பெற்றோர் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எம்முடன் பேசலாம். கதிரைகளை அடுக்கி முடியும்வரை மண்டபத்தில் இருப்போம்.