தடை செய்த வாயுவைத் தேடும் விமானங்கள்

விமானத்தில் பறக்கும்போது நமது காலடியில் உள்ள சரக்கு அறையைத் தீயிலிருந்து காக்கும் வாயு, உலக நாடுகள் ஒன்றுகூடித் தடை விதித்த ஒன்று என்பது பயணிகளில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, தீயணைப்புக்கான ஹேலான் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1994-ஆம் ஆண்டிலும், இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளில் 2010-ஆம் ஆண்டிலும் முடிவுக்கு வந்தது. ஆனாலும், இன்று பறக்கும் பெரும்பாலான பயணிகள் விமானங்களின் சரக்கு அறைகளிலும் என்ஜின்களிலும் இருப்பது ஹேலான் 1301தான்.

அதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் தீயைக் குளிர்விக்கிறது. கரியமில வாயு ஆக்சிஜனை விலக்குகிறது. பின்னதைக் கொண்டு ஓர் அறையை நிரப்பினால் தீயோடு உள்ளே இருப்பவரும் மூச்சடைத்துப் போவார். ஹேலானோ எரிதலின் வேதித்தொடரையே அறுத்துவிடுகிறது. அறைக் காற்றில் 5 முதல் 7 சதவீதம் கலந்தாலே போதும். கருவிகள் நனையாது, கரி படியாது. கணினி அறைகளும் ஆவணக் காப்பகங்களும் போர்க்கப்பல்களும் அதை விரும்பியதில் வியப்பில்லை.

தீயை அறுக்கும் அதே புரோமின்தான் வானில் ஓசோனையும் அறுக்கிறது. ஓசோனை அழிப்பதில் புரோமின் அணு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு வலியது. சிஎஃப்சி-11 வாயுவின் கேட்டை 1 எனக் கொண்டால், ஹேலான் 1301-இன் கேட்டை 10 என மதிப்பிடுகிறது மான்ட்ரியல் ஒப்பந்தம். ஒருமுறை வெளியேறினால் 60 ஆண்டுகளுக்கும் மேலாக அது வளிமண்டலத்தில் தங்கும். அதனால்தான் வளர்ந்த நாடுகளில் சிஎஃப்சி வாயுக்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஹேலானுக்குக் கதவடைக்கப்பட்டது.

கதவடைத்த இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது ஒரு பெருந்துயரம். 1996 மே 11 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேல்யூஜெட் விமானத்தின் சரக்கு அறையில் தீப்பிடித்து 110 பேர் மாண்டனர். அந்த அறையில் தீயை உணரும் கருவியும் இல்லை, அணைக்கும் ஏற்பாடும் இல்லை. அத்தகைய அறைகளிலும் இரண்டையும் பொருத்த வேண்டும் என 1998-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது. பொருத்துவதற்குக் கையில் இருந்ததோ ஹேலான்தான். உற்பத்தி நின்றபின் தேவை கூடிய விசித்திரம் இது.

மாற்று வாயு கிடைக்கவில்லையா? கழிவறைக் குப்பைத்தொட்டிக்கும் கையடக்கத் தீயணைப்பானுக்கும் கிடைத்துவிட்டது. சரக்கு அறைதான் சிக்கல். பயணப் பெட்டிக்குள் இருக்கும் வாசனைத் தெளிப்பான் குப்பி வெடிப்பதைப் போன்ற சோதனையில், சில மாற்று வாயுக்கள் குறைந்த அளவில் இருக்கும்போது வெடிப்பின் அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டின. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு சரக்கு அறைகளுக்கென விதித்த 2024-ஆம் ஆண்டுக் கெடுவும், புதிதாகச் சான்று கோரும் விமான வடிவமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். 2023-இல் ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களும் இண்டிகோ அறிவித்த 500 விமானங்களும் ஏற்கெனவே சான்று பெற்ற வகைகளைச் சார்ந்தவை. அவற்றுள் பலவற்றுக்கு இன்னும் பல்லாண்டுகள் ஹேலான் வேண்டியிருக்கும்.

அந்த ஹேலான் எங்கிருந்து வரும்? பழையதை மீட்டுத் தூய்மைப்படுத்தித்தான் பெற வேண்டும். அதிலும் ஏமாற்று உண்டு: மாசுபட்ட ஹேலான் அடைத்த தீயணைப்பான்கள் விமானங்களில் இருப்பது 2009-இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. உடைக்கப்படும் கப்பல்கள் நெடுங்காலம் நல்ல ஊற்றாக இருந்தன. ஆனால், 1994 அக்டோபருக்குப் பின் கட்டப்பட்ட கப்பல்களில் ஹேலான் அமைப்பு பொருத்த அனுமதியில்லை. ஒரு கப்பலின் ஆயுள் 25, 30 ஆண்டுகள் என்றால், குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு வரும் கப்பல்களில் இனி எவ்வளவு கிடைக்கும்?

நிலத்திலும் நாம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாகச் சொல்வதற்கில்லை. ஹேலானுக்குப் பதிலாகக் கணினி அறைகளுக்கு வந்த எச்எஃப்சி-227இஏ ஓசோனைத் தீண்டுவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். 2021-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த கிகாலி திருத்தத்தின்படி, 2032 முதல் எச்எஃப்சி வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்கு இடமும் உருளைகளும் அதிகம் தேவை என்பது உண்மையே. ஆயினும் புதிய கட்டடத்தில் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்குவது இயலாத காரியமன்று.

உலகில் ஹேலான் காற்றில் கலந்ததில் பெரும்பங்கு தீயை அணைத்தபோது நிகழ்ந்ததன்று. கசிவிலும், சோதனை என்ற பெயரில் திறந்துவிட்டதிலும் நிகழ்ந்தது. தில்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் தீ, வெடிபொருள், சூழல் பாதுகாப்பு மையத்தில் ஹேலான் வங்கி இருக்கிறது. பழைய மின்நிலையம், வங்கித் தலைமையகம், தொலைபேசி நிலையம் ஆகியவற்றைப் புதுப்பிக்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, அங்குள்ள உருளைகளில் இருப்பது என்ன வாயு என்று சோதித்து, ஹேலானாக இருந்தால் அந்த வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உருளை பழைய இரும்புக்கடைக்குப் போகும். அங்கே எடைபோடும் முன் முதலில் திறக்கப்படுவது அதன் வால்வுதான்.