மேடையில் எபிரேயம், வீட்டில் சுந்தா

கொழும்புத் தமிழ் விழாக்களில் மொழியைப் பற்றிப் பேச எழுபவர்கள் பத்தாவது நிமிடத்தில் இஸ்ரேலுக்குப் போய்விடுகிறார்கள். வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் கிடந்த எபிரேயம் மீண்டும் தெருவுக்கு வந்தது, நம்மால் முடியாதா என்பார்கள், கைதட்டல் விழும். சுந்தா மொழியை யாரும் இழுப்பதில்லை. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், பண்டுங் நகரைச் சுற்றி, மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. எபிரேயம் பேசுவோரோ ஏறக்குறைய ஒரு கோடிதான். என் கணிப்பில், வெள்ளவத்தைத் தமிழர் படிக்கவேண்டிய பாடம் பெரிய கூட்டத்தைக் கொண்ட அந்தச் சுந்தாவில்தான் இருக்கிறது.

சுந்தாவை யாரும் தடைசெய்யவில்லை. மேற்கு ஜாவாப் பாடசாலைகளில் அது ஒரு பாடம். 1957 முதல் ‘மங்லே’ என்ற சஞ்சிகை வருகிறது. எழுத்தாளர் அஜிப் ரோசிடி 1989இல் தொடக்கிய ரஞ்சகே விருது இலக்கியத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் 1928இல் இளைஞர் மாநாடு மலாயை அடியாகக் கொண்ட இந்தோனேசிய மொழியை ஒற்றுமை மொழியாக ஏற்றது; விடுதலைக்குப் பின் பரீட்சை, வேலை, தொலைக்காட்சி எல்லாம் அதன் வழியே நடந்தன. இன்று பண்டுங்கில் சுந்தாவில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தாயும் தகப்பனும் பிள்ளையிடம் திரும்பும்போது இந்தோனேசிய மொழிக்கு மாறுகிறார்கள்.

வேலைவாய்ப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் மாத்தாராம் அரசு சுந்தா நாட்டை ஆண்டபோது அரண்மனை மரியாதைப் படிநிலைகளும் மொழிக்குள் புகுந்தன. மூத்தவரிடம் ஒரு சொல், ஒத்தவரிடம் வேறு சொல், தன்னைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பிழைவிட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்ற பெயர். இந்த வில்லங்கம் எதற்கென்று இளையவர்கள் இந்தோனேசிய மொழிக்குள் ஒதுங்குகிறார்கள்.

எபிரேயத்துக்கு நடந்தது நேர்மாறு. எலியேசர் பென் யெஹூதா 1881இல் பலஸ்தீனம் வந்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகனை வேறு மொழி காதில் விழாமல் வளர்க்கப் பார்த்தார். மேடைகள் இந்த வைராக்கியத்தோடு நின்றுவிடும். அந்த வைராக்கியத்தால் மட்டும் ஒரு சமூகம் பேசியிருக்காது. ரஷ்யாவிலிருந்தும் யேமனிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் வந்தவர்களுக்குப் பொதுவான வீட்டுமொழி வேறில்லை. 1913இல் ஹைஃபாவின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழியில் கற்பிக்க முயன்றபோது ஆசிரியர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்து அதை முறியடித்தார்கள். மிக முக்கியமானது இன்னொன்று: அங்கே எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர் ஒருவரும் இல்லை. எனவே பிழையாகப் பேசிய பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் ஆளில்லை. பிள்ளைகள் பேசியதே மொழியாயிற்று.

அதற்குக் கொடுத்த விலையையும் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். 1923இல் அமைந்த ‘மொழிக் காவலர் படை’ தெருக்களில் யூதர்களின் வேறொரு மொழியான இத்திஷ் பேசியவர்களை மிரட்டியது. அரபு 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசமொழித் தகுதியை இழந்து ‘சிறப்புத் தகுதி’க்கு இறங்கியது. 1956இன் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை அனுபவித்த நாம் இதைக் கேட்டுக் கைதட்டுவது விசித்திரம்.

கொழும்புக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட சிப்பாய்களிலும் நாடுகடத்தப்பட்டோரிலும் சுந்தா நாட்டாரும் இருந்தனர். எல்லாரும் மலாய்க்காரர் என்ற ஒரே பெயருக்குள் கரைந்தார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் நடத்தினார். இன்று கொம்பனித்தெருவில் பல மலாய் வீடுகளில் பேரப்பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொழும்புச் செட்டிகள் கதையும் இதுவே. தென்னிந்தியாவிலிருந்து தமிழோடு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இன்று தமிழ் இல்லை. இவற்றில் எதுவும் ஒரு சட்டத்தால் நடந்ததல்ல.

ஆனால் அதே கொட்டாஞ்சேனையில் தமிழ் திடமாக நிற்கிறது. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர், முஸ்லிம் வியாபாரி, யாழ்ப்பாணத்தவர், கத்தோலிக்கர் எல்லாரும் கடையில் ஒருவரோடொருவர் பேச அது வேண்டியிருக்கிறது. யாருடைய தமிழ் சுத்தம் என்று பார்க்க அங்கே நேரமில்லை. தமிழ்ச் சங்கமும் கோயில்களும் புத்தகக் கடைகளும் உள்ள வெள்ளவத்தையில்தான் எனக்குக் கவலை. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. தாய்மொழிமூலம் அங்கே கட்டாயமல்ல. அங்கே படிக்கும் பிள்ளை வீட்டில் இரண்டு வார்த்தை தமிழ் பேசினால், மாமா ஒருவர் ‘என்ன தமிழ் இது’ என்று சிரிக்கிறார். பிள்ளை அடுத்த முறை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. பிறகு அதே மாமா மேடையேறி எபிரேயம் பேசுகிறார்.

பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யவைத்துப் பரிசு கொடுப்பதால் இது மாறாது. பிள்ளை பிழைபிழையாகத் தமிழில் கிரிக்கெட் பற்றிச் சண்டை பிடிக்கட்டும். திருத்தாமல் பதிலுக்குச் சண்டை பிடியுங்கள். ஆங்கிலத்தை விடச் சொல்லவில்லை. அது சோறு போடும்.

அடுத்தது, தமிழுக்குத் தேவையை உண்டாக்குவது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொழும்பில் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. நாமோ வரிசை நீளும் என்று ஆங்கிலப் படிவத்தைக் கேட்டு வாங்குகிறோம். தமிழ்ப் படிவத்துக்கு ஆளில்லை என்று அலுவலகமும் அதை அச்சிடாமல் விடுகிறது. அடுத்த தடவை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு அனுப்புங்கள்.