வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிவிட்டால் ஜீவனாம்சம் போய்விடுமா?

குடும்பநல கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வருகிறது. மனைவியும் குழந்தையும் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே கணவர் தன் வீட்டைத் தம்பி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். ‘‘என் பேர்ல சொத்தே இல்லீங்க’’ என்று கோர்ட்டிலும் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதானா? குழந்தையின் ஸ்கூல் ஃபீஸுக்கு இனி வழியே கிடையாதா?

வழி இருக்கிறது, 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்திலேயே. ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருந்தால், அந்தச் சொத்து கைமாறிய பிறகும் புதிய உரிமையாளரிடம் அதைக் கேட்கலாம் என்கிறது பிரிவு 39. இரண்டில் ஒன்று இருந்தால் போதும்: சொத்து இனாமாகக் கைமாறியிருக்க வேண்டும், அல்லது வாங்கியவருக்கு இந்த உரிமை பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பைசா கொடுக்காமல் வாங்கிய தம்பி, ‘‘எனக்கு எதுவும் தெரியாது’’ என்று சொன்னாலும் எடுபடாது. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க பிரிவு 53-ம் இருக்கிறது.

ஓட்டை எங்கே?

முழு விலை கொடுத்து, விஷயமே தெரியாமல் வாங்கிய வெளியாளிடம் பிரிவு 39 செல்லாது. அது நியாயமும்கூட. அவர் வில்லங்கச் சான்று பார்த்துத்தான் வாங்கியிருப்பார். ஆனால், ஜீவனாம்ச உத்தரவு அந்தச் சான்றில் தானாக ஏறுவதில்லையே! அப்பா கொடுக்க வேண்டியதைக் கடைசியில் குழந்தை இழக்கிறது.

அமெரிக்காவில் குழந்தைக்கான தொகை பாக்கி விழுந்தால், அது பெற்றோரின் சொத்து மீது சட்டப்படி தானாகவே சுமையாக ஏறும் நடைமுறையை மாநிலங்கள் வைத்திருக்க வேண்டும். இங்கே அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மாதம் இவ்வளவு வேண்டும் என்று மட்டும் மனுப் போட்டால் போதாது. சர்வே நம்பரோடு சொத்தைக் குறிப்பிட்டு, அதன் மீது ‘சார்ஜ்’, அதாவது பொறுப்பு ஏற்படுத்தக் கேட்க வேண்டும். அப்போதுதான் வழக்கு நடக்கும்போது விற்றாலும், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்ற பிரிவு 52 கைகொடுக்கும். விற்கப் போகிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 18-ன் கீழ் விற்பனைக்குத் தடையும் வாங்கலாம்.

இதையெல்லாம் கைக்குழந்தையோடு கோர்ட்டுக்கு அலையும் ஒரு பெண்ணின் தலையில் சுமத்துவது சரியல்ல. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. ஆக, சொத்துப் பட்டியல் ஏற்கெனவே கோர்ட்டின் கையில் இருக்கிறது. உத்தரவோடு அதில் ஒரு நகல் பதிவுத்துறைக்குப் போய், வில்லங்கச் சான்றில் ஏற விதி வந்தால் போதும். குழந்தைக்கும் பாதுகாப்பு, ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குபவருக்கும் பாதுகாப்பு.